மலேரியா வரைபடத்தில் பூஜ்யத்துக்கு என்ன பொருள்?

[திரையில்: போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் பழைய படம்]

வணக்கம். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்று நிறுவி, 1902-இல் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ், 1907-ஆம் ஆண்டின் இறுதியில் நம் மொரீஷியஸ் தீவுக்கு வந்தார். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த நம் முன்னோர், 1860-களிலிருந்தே இந்தக் காய்ச்சலுக்குக் கொத்துக் கொத்தாகப் பலியாகியிருந்தார்கள்.

எந்த ஊரில் எவ்வளவு நோய் என்பதை அறியக் குழந்தைகளின் வயிற்றை, இடது விலாவுக்குக் கீழே, விரல் நுனிகளால் மெல்ல அழுத்திப் பார்த்தார்கள். காய்ச்சல் திரும்பத் திரும்பக் கண்ட குழந்தைக்கு மண்ணீரல் வீங்கி, அதன் விளிம்பு விரலில் தட்டுப்படும். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு அப்படி இருக்கிறது என்பதே அந்த ஊரின் நோய்ச்சுமைக்கு அளவுகோலாயிற்று. கொசுக்களை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஒரு வரம்புக்குக் கீழே குறைத்தாலே நோய் அடங்கும் என்பதையும் ராஸ் தம் 1908 அறிக்கையில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

[திரையில்: ஆப்பிரிக்க வரைபடம், சிறு கட்டங்களாக]

2023-இல் உலகில் சுமார் 26.3 கோடி பேருக்கு மலேரியா கண்டது. சுமார் 5,97,000 பேர் இறந்தார்கள். இவை ஒவ்வொருவராக எண்ணிய எண்கள் அல்ல, மதிப்பீடுகள். மருத்துவமனை எட்டாத தொலைவில் உள்ள கிராமத்தில், கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தும் பிழைக்காமல் வீட்டிலேயே இறந்த குழந்தை எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. ஆகவே, தேர்ந்தெடுத்த ஊர்களில் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். சோதிக்காத ஊர்களுக்கு, மழை, வெப்பம், நில உயரம், கொசுவலைப் பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு கணிக்கிறார்கள். 2005-இல் தொடங்கிய மலேரியா அட்லஸ் திட்டம் இவ்வாறே ஐந்து கிலோமீட்டர் கட்டங்களாக உலகை வரைகிறது.

அந்தக் கணிப்பு எவ்வளவு ஐயத்துக்குரியது என்பதைச் சொல்லாத வரைபடத்தை நான் ஏற்கமாட்டேன். ஏனெனில் கொசுவலையும் மருந்தும் எந்த மாவட்டத்துக்கு முதலில் போக வேண்டும் என்பதை அதிலுள்ள நிறத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். எண்ணாத ஊரை நோயில்லாத ஊர் என்று கொண்டால், மிகவும் ஏழ்மையான ஊரே கைவிடப்படும்.

இனி, முன்கணிப்பு. மழைநீர் தேங்கிக் கொசு பெருகுவதற்கும், கொசுவின் உடலில் கிருமி முதிர்வதற்கும் சில வாரங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியே நமக்குக் கிடைக்கும் அவகாசம். போட்ஸ்வானாவில், பருவமழைக் கணிப்பைக் கொண்டே, நோய் மிகும் ஆண்டைச் சில மாதங்கள் முன்னதாக அறிய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண்டு முழுவதும் நோய் பரவும் பகுதிகளில் இது அவ்வளவாக உதவாது.

[திரையில்: புயலில் சாய்ந்த கரும்பு வயல்]

நம் தீவு 1973-இல் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று பெற்றது. 1975 பிப்ரவரியில் ஜெர்வெய்ஸ் புயல் அடித்தது. அதன் பிறகு உள்ளூர்ப் பரவல் மீண்டும் தொடங்கி, 1982-இல் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. அதை அடக்க 1997 வரை ஆயிற்று. வரைபடத்தில் பூஜ்யம் இருந்த காலத்திலும், நோய் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு இங்கேயே இருந்தது. கிருமி மட்டுமே வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. அந்தக் கொசு இன்றும் இருக்கிறது. அதனால்தான், மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருவோரைச் சுகாதார ஊழியர்கள் தேடிச் சென்று, விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள்.