மணல் தட்டைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். உடம்புக்கு முடியாத பூனை அதை வெளியே காட்டிக்கொள்ளாது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பூனை வளர்ப்பவர்கள் உணவுக் கிண்ணத்தைக் கவனிக்கிற அளவுக்கு, அது சிறுநீரும் மலமும் கழிக்கிற மணல் தட்டையும் கவனித்தால் பாதி நோய்களை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

ஈரம் பட்டால் கட்டி பிடிக்கிற மணலாக வாங்குங்கள். வாசனை சேர்த்த மணல் வேண்டாம். அந்த வாசனை நமக்காகப் போடுவது. பூனை அதை வெறுத்து மெத்தையில் போய்ச் சிறுநீர் கழித்துவிடும். மணல் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். தட்டு பூனையின் உடல் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். விற்பனையில் இருப்பவை பெரும்பாலும் சிறியவைதான். அகலமான பிளாஸ்டிக் தொட்டியே மேல். ஒரு பூனைக்கு 2 தட்டு, இரண்டுக்கு 3. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனைக் கணக்கில் அது ஒரே தட்டு.

காலையும் மாலையும் அள்ளும்போது, சிறுநீர் பட்டு மணல் பிடித்த கட்டிகளை எண்ணுங்கள். வளர்ந்த பூனைக்கு நாளைக்கு 2 முதல் 4 கட்டி இயல்பு. வயதான பூனையின் கட்டிகள் திடீரென்று பெருத்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பொடிப்பொடியாக நிறைய விழுந்தால் சிறுநீர்ப்பையில் எரிச்சல் இருக்கலாம்.

கட்டியே விழவில்லையா? அதுதான் ஆபத்து. கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகல். நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். பூனை தட்டில் ஏறி முக்கும், இறங்கும், மறுபடி ஏறும், கத்தும், பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டுகிறவர்கள் உண்டு. அந்த நேரத்துக்குள் சிறுநீரகம் திணறி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே தடுமாறும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம், சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம்.

அடைப்பு வராமல் தடுக்கப் பெரிய உதவி தண்ணீர்தான். 4 கிலோ பூனைக்கு, உணவில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, நாளைக்குச் சுமார் 200 மில்லி வேண்டும். உலர் தீனியில் ஈரம் 10 சதவீதம் அளவுதான். டின்னில் வரும் ஈர உணவில் முக்கால் பங்கு தண்ணீர். எனவே ஒரு வேளையாவது ஈர உணவு கொடுங்கள். தண்ணீருக்கு அகலமான கிண்ணம் நல்லது. உணவுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி வையுங்கள். தினமும் கழுவி நிரப்புங்கள். பாலைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள், பல பூனைகளுக்கு அது பேதியில்தான் முடியும்.

வலியில் துடிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது; ஒரே மாத்திரை கொன்றுவிடும். மருத்துவரிடம் கிளம்பும் முன் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசிக் கட்டி எப்போது விழுந்தது, எவ்வளவு பெரியது, ரத்தம் கலந்திருந்ததா.