ஒரு மா, பல மொழி

நேயர்களுக்கு வணக்கம். 'மா' என்ற ஒற்றை எழுத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

தனியாக நின்றே பொருள் தரும் எழுத்துகள் தமிழில் 42 என்று நன்னூலில் பவணந்தி முனிவர் கணக்குச் சொல்கிறார். அவற்றில் மா அளவுக்கு உழைக்கிற எழுத்து வேறு இல்லை என்பது என் எண்ணம். மரமும் மா, விலங்கும் மா, குதிரையும் மா. மாமதுரை என்றால் பெருமை. நாம் மாவு என்பதை யாழ்ப்பாணத்தார் அரிசி மா, கோதுமை மா என்பார்கள். பழைய கணக்கில் இருபதில் ஒரு பங்குக்கு மா என்று பெயர். 20 மா நிலம் ஒரு வேலி. பூக்காரரிடம் "முழம் எவ்வளவும்மா?" என்று கேட்கிறோமே, அது அம்மாவிலிருந்து வந்த மா.

இத்தனை பொருள் இருந்தால் குழப்பம் வராதா? பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன புறநானூற்றுப் பாட்டு இருக்கிறது. யானை வயலில் தானே புகுந்து மேய்ந்தால், வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதுதான் அதிகம். வரி வாங்கும் அரசனும் அப்படி ஆகிவிடக் கூடாது என்கிறார். அதிலே "மாநிறைவு இல்லதும் பன்னாட்கு ஆகும்" என்று ஒரு வரி. யானையைப் பற்றிய பாட்டாயிற்றே, மா என்றால் விலங்குதானே என்று தோன்றும். இல்லை, இங்கே மா நில அளவு. ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், யானைக்குப் பல நாள் வரும் என்பது பொருள். முன்வரியில் அறுத்த நெல் வந்துவிடுவதால், கேட்கிறவருக்கு மயக்கம் இல்லை.

சரி, தமிழை விட்டு வெளியே போவோம். சீன மொழியில் மா என்பதைச் சமமாக நீட்டினால் அம்மா, இறக்கி ஏற்றினால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டு. வியட்நாமில் மா என்றால் பேய். இத்தாலியில் 'ஆனால்', ஹங்கேரியில் 'இன்று', எஸ்தோனியாவில் 'நான்'.

இங்கேதான் ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழிலும் மா குதிரை, சீனத்திலும் மா குதிரை. ஆகவே அது இங்கிருந்து போனதுதான் என்று சிலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. உதட்டை மூடித் திறந்தால் வந்துவிடும் ஒலி அது. உலகத்தில் பெரும்பாலான மொழிகளில் இருக்கும். நான்கு இடத்தில் பொருள் ஒத்துப்போவது தற்செயலாகவும் நடக்கும். ஒரு சொல்லை வைத்து உறவு கொண்டாட முடியாது.

உறவு என்றால் அது வரிசையாக வரும். நம் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, பாடு ஹாடு. ப எல்லாம் ஹ ஆவதைப் பாருங்கள், அதுதான் சான்று. மாமரமும் அப்படித்தான்: கன்னடத்திலும் மலையாளத்திலும் மாவு, தெலுங்கில் மாமிடிச் செட்டு. இந்த உறவு உறுதியானது, இதைப் பெருமையாகச் சொல்லலாம்.

அதற்கு நாம் மதுரையை விட்டுப் போகவே வேண்டாம். தமிழோடு தெலுங்கும் உருதுவும் சௌராஷ்டிரமும் வீட்டுமொழியாகப் பேசுகிற ஊர் இது. உருது பேசும் வீட்டில் மா என்றால் தாய். தெலுங்கு பேசும் வீட்டில் 'மா இல்லு' என்றால் எங்கள் வீடு. கேட்கிறவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் 'மன இல்லு' என்பார்கள். தமிழில் எங்கள் வேறு, நம் வேறு அல்லவா? அதே நுட்பம் அங்கேயும் இருக்கிறது.

தாய்க்கு மட்டும் ஏன் இத்தனை மொழிகளில் மகரம் வருகிறது என்ற கேள்வியை மொழியியல் அறிஞர் ரோமன் யாகப்சன் எடுத்துக்கொண்டார். பால் குடிக்கும் குழந்தை வாயை எடுக்காமல் மூக்கால் முனகுகிறது. பசித்தபோதும் அந்த முனகலே வருகிறது. பெரியவர்கள் அதைத் தாயின் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் விளக்கம். எல்லா ஊரிலும் அப்படியே ஆகிவிடவில்லை. ஜார்ஜியா நாட்டு மொழியில் மாமா என்றால் அப்பா, தாய்க்குப் பெயர் தேதா. காதுகுத்துக்கு மாமன் மடியைத் தேடுகிற நமக்கு இது வியப்பாக இருக்கும்.

நிஜமாகவே கப்பலேறிய மாவும் உண்டு. நம் மாங்காய் மலையாளத்தில் மாங்ஙா. மேற்குக் கரையில் இறங்கிய போர்ச்சுகீசியர் அதை மங்கா என்று எடுத்துப் போனார்கள். அதிலிருந்து ஆங்கில மாங்கோ வந்தது. நத்தம் பக்கத்துத் தோப்பில் நன்றாகப் பழுத்ததை எடுத்துக் கொடுத்தாலும், அந்தப் பெயருக்குள் இருப்பது காய்தான்.

நன்றி, வணக்கம்.