அலமாரியின் முதுகைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய மர அலமாரி, பெட்டி, நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் இவற்றைப் பழுது பார்த்துக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வாங்கி முடித்த பிறகுதான் வருகிறார்கள். வாங்கும் முன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதை இன்றைக்குச் சொல்கிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே எந்த அலமாரியைக் கேட்டாலும் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "பர்மா தேக்கு சார், நூற்றைம்பது வருஷம்." பர்மா தேக்கு என்பதில் உண்மை இருக்கலாம். நகரத்தார் பர்மாவில் லேவாதேவி செய்து கொழித்த காலத்தில் அந்தத் தேக்கு கப்பலில் வந்து இறங்கி, செட்டிநாட்டு வீடுகளில் தூணும் உத்திரமும் கதவும் அலமாரியுமாக ஆனது. பிறகு 1930களின் பொருளாதார மந்தம், 1942இல் ஜப்பான் படையெடுப்பு என்று அடிமேல் அடி. தொழில் போனது, வீடு மட்டும் மிஞ்சியது. பத்துப் பதினைந்து பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டை யார் கட்டிக் காப்பது? இடித்தார்கள். சாமான் தெருவுக்கு வந்தது.

ஆனால் அந்த நூற்றைம்பது வருஷத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். இடித்த வீட்டு உத்திரத்தை அறுத்துப் போன மாதம் செய்த அலமாரிக்கும் அதே வயதைச் சொல்லித்தான் விற்பார்கள். பழைய மரத்தில் செய்த புது அலமாரி மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக ஆறிய மரம், அவ்வளவு சுலபத்தில் முறுக்காது. சில சமயம் அசல் பழசைவிட அதுவே வீட்டுக்கு வசதியாக இருக்கும். அதற்குப் பழசின் விலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்குப் போகும்போது ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம், அளவு நாடா மூன்றும் பையில் இருக்கட்டும். முன்பக்கம் எல்லா அலமாரியும் பளபளவென்றுதான் நிற்கும். முதலில் அதைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பரவாயில்லை.

முதுகுப் பலகைக்கு அந்தக் காலத்தில் பாலிஷ் போட்டுச் செலவு செய்ய மாட்டார்கள். மரம் வெளுத்து, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் கிடக்கும். விரலைக் குறுக்கே ஓட்டினால் இழைப்புளி போன தடம் சின்னச் சின்ன அலையாகத் தட்டுப்படும். மரம் அகலவாக்கில் சுருங்கும் என்பதால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். அது குறையே இல்லை. முதுகும் உள்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே காப்பி நிறத்தில் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். வயதானது போலக் காட்ட சாயம் பூசினால் அது எல்லா இடத்திலும் சீராக ஏறும். நிஜமான தேய்மானம் கை பட்ட இடத்தில்தான் இருக்கும்: சாவித் துளையைச் சுற்றி, கதவின் ஓரத்தில், விளக்குமாறு இடித்த கீழ்ச்சட்டத்தில்.

அப்புறம் தட்டுகளின் அடியில் டார்ச் அடியுங்கள். சம்பந்தமே இல்லாத இடத்தில் சதுரமாக ஒரு துளையை மரத்துண்டால் அடைத்திருந்தால், அந்தப் பலகை முன்பு உத்திரமாகவோ கதவு நிலையாகவோ இருந்தது. கதவின் உள்பக்கம் கைப்பிடிக்குப் பக்கத்தில் அடைத்த துளை என்றால் விஷயம் வேறு. யாரோ எப்போதோ கைப்பிடியை மாற்றியிருக்கிறார்கள், பழசுக்கு அது சகஜம்.

கீலிலும் கைப்பிடியிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்புக்கு மேல் பூசிய முலாம். ஸ்க்ரூவின் தலையில் கூட்டல் குறி போலக் குழி இருந்தால், அந்த ரகம் அமெரிக்காவிலேயே 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஒன்றிரண்டு இருந்தால் பிற்காலப் பழுது என்று விட்டுவிடலாம். எல்லாமே அப்படி என்றால் நூற்றைம்பது வருஷக் கதை அங்கேயே முடிந்தது. ரம்பத் தடத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நீராவி ரம்பம் ஓடிய மரமில்கள் ரங்கூனில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன.

இழுப்பறை இருந்தால் முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். நல்ல வேலையில், ஒரு பலகையின் முனை புறா வாலைப் போல விரிந்து அடுத்த பலகையின் வெட்டுக்குள் பூட்டிக்கொண்டிருக்கும். கையால் வெட்டியது என்றால் அந்த வால்கள் ஒன்றுக்கொன்று நூல் பிடித்தாற்போல் இருக்காது.

சரி, பூச்சிக்கு வருவோம். தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் லேசில் தொடாது. ஓரத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. அதில்தான் வண்டு குண்டூசித் தலை அளவுக்குத் துளை போடும். துளை கறுத்துக் கிடந்தால் பெரும்பாலும் பழைய கதை. துளைக்குக் கீழே மாவு போல வெளிர் தூள் உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது. அதற்கு மருந்து அடித்துத் தீரும் வரை வீட்டில் இருக்கும் மற்ற மரச்சாமான் பக்கத்தில் அதை வைக்காதீர்கள். கால்களின் அடியையும் ஒரு குத்தூசியால் குத்திப் பாருங்கள். கழுவிவிட்ட தரையில் நின்று நின்று கடைசி இரண்டு அங்குலம் இற்றுப்போயிருக்கும். சமையலறைக் கம்பிவலை அலமாரிகளில் இது இன்னும் மோசம். எறும்பு ஏறாமல் இருக்க அவற்றின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் அல்லவா வைத்திருந்தார்கள்! என்றாலும் நான் சிபாரிசு செய்வது அந்தக் கம்பிவலை அலமாரியைத்தான். காற்றோட்டம் உண்டு, இழுத்து நகர்த்தலாம், புத்தகம் வைத்தால் பூசணம் பிடிப்பதும் குறைவு.

எதை வைக்கப்போகிறோம் என்று யோசிக்காமல் வாங்குவதுதான் பலருக்கும் வம்பாகிறது. மடித்த வேட்டியும் புடவையும் வைப்பதற்குச் செய்த அலமாரி பல சமயம் ஒன்றரை அடி ஆழம்தான் இருக்கும். சட்டையை ஹேங்கரில் நேராக மாட்ட இரண்டடி ஆழம் வேண்டும். ஹேங்கர் குறுக்கே நின்றால் கதவு மூடாது. அதற்காகப் பழைய அலமாரியின் தட்டை அறுத்து எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல். ஹேங்கர்தான் வேண்டும் என்றால் இரும்பு பீரோவே போதும். எடையையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன அடி தேக்கு சுமார் 18 கிலோ, ஈட்டி மரம் இன்னும் கனம். லிஃப்டின் உயரம், படிக்கட்டு திரும்பும் இடம், படுக்கையறை வாசல் இவற்றையெல்லாம் அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். மேல் முகட்டைத் தனியாகக் கழற்ற முடியுமா என்றும் கேளுங்கள். பெரிய அலமாரிகள் பலவற்றில் அது கழன்று வரும்.

வீட்டுக்கு வந்த பின் உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். பழைய பூச்சு பெரும்பாலும் அரக்கு. கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்தால் பிசுபிசுவென்று இளகும். அரக்காக இருந்தால் அதன் மேலேயே புது அரக்குப் பூச்சு ஏற்றிவிடலாம், சுரண்டத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கதவு இறுகிக்கொள்ளும். ஆசாரியைக் கூப்பிட்டு அப்போதே இழைத்துவிட்டீர்கள் என்றால் பங்குனியில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழும். தை வரை பொறுத்துப் பாருங்கள், பாதிக் கதவுகள் தானாகவே சரியாகிவிடும். சுவரை ஒட்டி வைக்காமல் இரண்டு அங்குலம் விட்டு வையுங்கள். குளியலறைக்குப் பின்பக்கச் சுவர் வேண்டவே வேண்டாம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் அலமாரியின் உச்சியை ஒரு கிளாம்பால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். கனமான இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தால் அது முன்பக்கம் சாயும். பெரிய மரப்பெட்டி, பத்தாயம் என்றால் மூடினதும் தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும் கொண்டியைக் கழற்றிவிடுங்கள். ஒளிந்து விளையாடும் பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே சத்தம் கேட்காது.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த வரலாற்று, கலை மதிப்புள்ள பொருளைத் தனியார் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. பழசு போலத் தெரிகிற எதுவும் சுங்கத்தில் நிற்கக்கூடும். அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு பிறகு கப்பலுக்கு ஏற்றுங்கள். நூற்றைம்பது வருஷம் என்று கடைக்காரர் பில்லில் எழுதிக் கொடுக்கத் தயாரா என்பதையும் அந்தச் சாக்கில் கேட்டுப் பார்க்கலாம்.

நன்றி, வணக்கம்.