கிளாடியஸ் கைப்பாவை அல்ல!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ரோமப் பேரரசர் கிளாடியஸ் ஆட்சியின் பெருமை அவருக்கா, அவருடைய செயலாளர்களுக்கா என்பது தலைப்பு. கடிதங்களை நார்சிசஸ் பார்த்தார், கணக்கைப் பல்லாஸ் பார்த்தார், பேரரசர் தலையாட்டினார் என்று எதிரணித் தோழர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். நான் அடியோடு மறுக்கிறேன் ஐயா!

கி.பி. 41இல் முந்தைய பேரரசர் காலிகுலா கொலையுண்டதும், காவல்படை கொண்டுவந்து அரியணையில் ஏற்றிய மனிதர் இவர். வயது 50ஐத் தொடுகிறது. நடை தள்ளாடும், நாக்குக் குழறும். பெற்ற தாயே இழித்துப் பேசிய பிள்ளை. இப்படிப்பட்டவர் பிறர் சொல்லித்தான் ஆண்டிருப்பார் என்று நினைத்துவிடுவது எளிது.

ரோமுக்கு அருகே கடற்கரையில் இருக்கும் ஓஸ்தியாவுக்குப் போவோம். கடல் கடந்து வரும் தானியத்தில் பிழைத்த ரோமுக்குப் பக்கத்தில் நல்ல துறைமுகம் இல்லை. அங்கே துறைமுகம் கட்டச் செலவு எவ்வளவு என்று கிளாடியஸ் கேட்டார். தொகையைக் கேட்டால் இந்த எண்ணத்தையே விட்டுவிடுவீர்கள் என்றார்கள் கட்டடக் கலைஞர்கள். கட்டினார்! குளிர்காலத்திலும் தானியம் வரவேண்டும் என்பதற்காக, புயலில் கப்பல் போனால் வணிகரின் நட்டத்தை நானே ஏற்கிறேன் என்றார்.

நோயுற்ற அடிமைகளை மருத்துவச் செலவுக்குப் பயந்து தைபர் ஆற்றுத் தீவில் போட்டுவிட்டுப் போனார்கள் எசமானர்கள். பிழைத்தால் அவன் சுதந்திர மனிதன், கைவிடுவதற்குப் பதில் கொன்றால் அது கொலைக்குற்றம் என்று ஆணையிட்டவர் கிளாடியஸ். படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது ஐயா.

செனட் என்னும் ரோம ஆட்சி மன்றத்தின் உறுப்பினர்கள் 35 பேரைக் கொன்றாரே என்றார் தோழர். அந்தக் கறையைத் துடைக்க நான் வரவில்லை. ஆனால் சாதனை செயலாளருக்கு, பழி மட்டும் பேரரசருக்கா? இது என்ன கணக்கு?

கடைசியாக ஒரு சான்று. கி.பி. 48இல், இன்றைய பிரான்ஸ் பகுதியான கௌல் நாட்டுத் தலைவர்களைச் செனட்டில் சேர்க்க வேண்டும் என்று அவர் வாதாடிய பேச்சு, வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டு 1528இல் பிரான்சின் லியோன் நகரில் கிடைத்தது. ரோமை ஆண்ட பழைய மன்னர்களிலேயே அயலார் உண்டு என்று தொடங்குகிறார். அதோடு நிற்கவில்லை. அந்த மன்னர்களில் ஒருவரான சர்வியஸ் துல்லியஸுக்கு, இத்தாலியின் பழங்குடியினரான எத்ரஸ்கர்கள் வேறு பெயர் சொல்வார்கள் என்று கிளைக்கதைக்குள் இறங்கிவிடுகிறார். எத்ரஸ்கர் வரலாற்றை 20 நூல்களாக எழுதியவர் அல்லவா! பிறகு தன்னையே பெயர் சொல்லி அழைத்து, பேச்சு எங்கே போகிறது என்று சபைக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது என்கிறார்.

எழுதிக்கொடுத்த பேச்சா இது? கௌல் நாட்டு ஏதுயி இனத்தாருக்குச் செனட்டின் கதவு முதலில் திறந்தது இந்தப் பேச்சால்தான். இதில் நார்சிசஸின் வரி எது என்று எதிரணி காட்டட்டும், நடுவர் அவர்களே!