ஒரு மில் முதலாளியின் மகனும் சோஷலிசமும்: மான்செஸ்டரிலிருந்து

வணக்கம். மான்செஸ்டர் விக்டோரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1653-இல் தொடங்கிய சீத்தம்ஸ் நூலகத்தில் இருக்கிறேன். உள்ளே சத்தமாகப் பேசக் கூடாது, அதனால் குரல் கொஞ்சம் தணிந்துதான் வரும். இதோ, ஜன்னலை ஒட்டி உள்ளடங்கின மாதிரி ஓர் இடம், அதில் ஒரு சதுர மேசை. 1845 கோடையில் பொதுவுடைமைச் சிந்தனையாளர் கார்ல் மார்க்ஸும் அவர் தோழர் பிரெட்ரிக் எங்கெல்ஸும் இங்கே உட்கார்ந்துதான் படித்தார்கள். ஜன்னலில் வண்ணக் கண்ணாடி. வெளியே மழை கொட்டினாலும் இந்த மேசையில் எப்போதும் வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும் என்று 1870-இல் எங்கெல்ஸ் மார்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். இன்றும் வெளியே மழைதான். அவர் சொன்னது உண்மை.

எங்கள் பெரியப்பா அடிக்கடி சொல்வார், "பசி தெரியாதவன்தான்டா பொதுவுடைமை பேசுவான்" என்று. பணக்காரன் சோஷலிசம் பேசினால் அது குற்ற உணர்ச்சி, இல்லையென்றால் ஃபேஷன். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். எங்கெல்ஸ் விஷயத்தில் அது சரியில்லை என்பது என் எண்ணம்.

ஜெர்மனியில் வுப்பர் ஆற்றங்கரையில் பார்மன் என்ற ஊர். 1820-இல் அங்கே ஒரு ஜவுளி ஆலை முதலாளியின் மூத்த மகனாகப் பிறந்தவர் எங்கெல்ஸ். அப்பா கடுமையான பக்திமான். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவிடாமல் மகனைத் தொழிலில் இறக்கினார். 1839-இல், 18 வயதில், பிரெமன் நகரத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே எங்கெல்ஸ் பெயர் போடாமல் ஒரு பத்திரிகையில் தன் ஊரைப் பற்றி எழுதினார். எடுத்த எடுப்பிலேயே ஆறு சிவப்பாக ஓடுகிறது என்கிறார். போரில் சிந்திய ரத்தம் இல்லை, சாயப்பட்டறைத் தண்ணீர். பக்கத்து ஊரான எல்பர்ஃபெல்டில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 2,500 பேரில் 1,200 பேர் படிப்பில்லாமல் ஆலையிலேயே வளர்கிறார்கள் என்று கணக்குக் காட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை சர்ச்சுக்குப் போய்விட்டால் போதும், ஒரு பிள்ளையின் வாழ்க்கை நாசமாவது இந்த முதலாளிகளின் மனச்சாட்சியை உறுத்தாது என்றும் எழுதினார். அவர் திட்டுவது அப்பாவைப் போன்ற முதலாளிகளைத்தான்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் வளர்ந்தது திருப்பூரில். நொய்யல் ஒரு வாரம் சிவப்பாக ஓடும், அடுத்த வாரம் நீலம். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் அப்பா 20 மெஷின் போட்டு ஒரு சின்ன பனியன் கம்பெனி நடத்தினார். நான் ஒன்பதாவது படிக்கும்போது சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவரில் பெயரும் தொகையும் எழுதுவது என் வேலை. ஒரு நோட்டில் டெய்லருக்கு பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸ் தைக்கக் கூலி, எவ்வளவு என்று இருக்கும். இன்னொரு நோட்டில் அதே பீஸுக்குப் பையர், அதாவது சரக்கை வாங்குபவர், தரும் விலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வீட்டில் நானும் அப்பாவும்தான். டெய்லர் அக்காமார்களுக்கு ஒரு நோட்டில் இருப்பது மட்டும்தான் தெரியும். அப்பா கெட்டவர் இல்லை. பையர் விலையைக் குறைத்தால் அவருக்கும் ராத்திரி தூக்கம் வராது. ஆனால் அந்த இரண்டு நோட்டையும் ஒரு தடவை சேர்த்துப் பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காதது போல் இருக்க முடியாது.

எங்கெல்ஸுக்கும் இதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். 1842-இல், 22 வயதில், அப்பா அவரைத் தான் பங்குதாரராக இருந்த பருத்தி நூல் கம்பெனியான எர்மன் அண்ட் எங்கெல்ஸில் வேலை பழக மான்செஸ்டருக்கு அனுப்பினார். வேலையில் விழுந்தால் பையனுக்குப் புரட்சிப் பித்து தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை. நேர்மாறாகப் போனது. பகலில் அலுவலகக் கணக்கு. மற்ற நேரத்தில், முதலாளிகளின் விருந்தையும் ஷாம்பெயினையும் விட்டுவிட்டுத் தொழிலாளர்களோடு இருந்தார். மேரி பர்ன்ஸ் என்ற ஐரிஷ் தொழிலாளிப் பெண்தான் அவரைக் குடிசைப் பகுதிகளுக்குள் கூட்டிப்போனவர் என்கிறார்கள். அந்தப் பெண் இல்லாமல் அந்தப் புத்தகம் இல்லை. 1845-இல் வெளிவந்த, இங்கிலாந்துத் தொழிலாளர்களின் நிலைமை பற்றிய புத்தகத்தைத்தான் சொல்கிறேன்.

காலையில் டீன்ஸ்கேட் தெருவில் நடந்தபோது அதில் வரும் ஓர் இடம் நினைவுக்கு வந்தது. இந்தப் பெரிய தெருக்களில் இரண்டு பக்கமும் வரிசையாகக் கடைகள். கடைக்குப் பின்னால் சேரி. முதலாளி வீட்டிலிருந்து கிளம்பி, நகரத்தின் நடுவிலிருக்கும் வியாபாரச் சந்தைக்குப் போய்த் திரும்பும்வரை ஒரு ஏழையின் வீடுகூடக் கண்ணில் படாது. அரசாங்கம் திட்டம் போட்டுக் கட்டின ஊர் இல்லை, ஆனாலும் இந்த விஷயத்தில் முதலாளிகள் ஒன்றும் அப்பாவிகள் இல்லை என்கிறார் எங்கெல்ஸ். மெட்லாக் ஆற்று வளைவில் 'லிட்டில் அயர்லாந்து' என்ற இடத்தில் சுமார் 200 குடிசைகளில் 4,000 பேர் இருந்தார்கள் என்று எழுதுகிறார். அந்தத் தெருவழியே தினமும் போன முதலாளிக்கு அது தெரியாது, உள்ளே இருந்தவருக்கு மில்லின் லாபம் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் எங்கெல்ஸ்.

சரி, அப்படியென்றால் மில்லை விட்டு விலகியிருக்க வேண்டாமா? நியாயமான கேள்வி. அவர் 1850-இல் மறுபடி அதே கம்பெனிக்கு வந்து 19 வருஷம் இருந்தார். 1864-இல் பங்குதாரரும் ஆனார். குதிரையேறி நரி வேட்டைக்குப் போனார். ஊருக்குக் காட்ட ஒரு ஜாகை, மேரியோடு வாழ இன்னொரு வீடு. லண்டனில் வறுமையில் கிடந்த மார்க்ஸ் குடும்பத்துக்கு, தபாலில் திருடு போகாமல் இருக்கப் பவுண்டு நோட்டை இரண்டாக வெட்டித் தனித்தனிக் கவரில் அனுப்புவார். அந்தப் பணம் மான்செஸ்டர் தொழிலாளியின் உழைப்புதான். இதை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. எங்கெல்ஸும் அந்த வியாபாரத்தை நாய்ப் பிழைப்பு என்றே திட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் பணத்தைவிட முக்கியமான ஒன்றையும் அவர் கொடுத்தார். 1858 மார்ச்சில் மார்க்ஸ் கேட்கிறார்: உங்கள் ஆலையில் மெஷினை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவீர்கள்? இரண்டே நாளில் பதில் போகிறது. பெரும்பாலான ஆலைக்காரர்கள் மெஷின் விலையில் வருஷத்துக்கு ஏழரை சதவீதத்தைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், ஆகவே முழு விலையும் கழியப் பதின்மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் இதை நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. பேரேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை உள்ளவன் ஒருவன் உங்கள் பக்கம் இருக்க வேண்டும்.

1869 ஜூன் 30 கம்பெனியில் அவருக்குக் கடைசி நாள். வயது 48. பங்கை விற்ற பணத்திலிருந்து மார்க்ஸுக்கு வருஷத்துக்கு 350 பவுண்டு ஏற்பாடு செய்துவிட்டிருந்தார். மார்க்ஸின் இளைய மகள் எலினார் அப்போது அவர் வீட்டில் விருந்தாளி, வயது 14. காலையில் பூட்ஸை மாட்டும்போது எங்கெல்ஸ் "இதுதான் கடைசித் தடவை!" என்று கத்தினாராம். சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தால், எதிர்த்த வயல்வெளியில் கைத்தடியை ஆகாயத்தில் சுழற்றிக்கொண்டு, பாடிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வருகிறார். மறு வருஷம் இந்த மேசைக்கு வந்து பல நாட்கள் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அந்த வண்ணக் கண்ணாடிக் கடிதம்.