ஏணியை எங்கே வைப்பீர்கள்?

(கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர் அவர்களே, மேலாளர் வாரியத்தினரே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, எப்போது முடிப்பான் என்று என்னையே பார்த்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

இந்தக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தவரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. காலையில் பசியாறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதான் சுவத்துல எழுதிட்டீங்களே, மேடையில வேற சொல்லணுமா?" என்று கேட்டார். அதனால் பெரியவர் என்றே சொல்கிறேன். மாலை போட்டுவிடுவார்கள் என்று பயந்து தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

நான் படித்த தோட்டப் பள்ளியில் ஒரே ஒரு மின்விசிறி. அதன் இறக்கைகளில் சிவப்பு மையால் 'உபயம்' என்று போட்டு ஒரு பெயர் எழுதியிருந்தார்கள். ஓர் இறக்கையில் உபயம், அடுத்ததில் பாதிப் பெயர், மூன்றாவதில் மீதி. விசிறி சுற்றும்போது சிவப்பாக ஒரு வளையம்தான் தெரியும். கரண்ட் போனால்தான் படிக்க முடியும். எந்த இறக்கை எங்கே வந்து நிற்கிறதோ, அதற்குத் தகுந்தாற்போல் அந்தப் பெயரைத் தலைகீழாகவும் படித்திருக்கிறோம். அவர் யார் என்று நாங்களும் கேட்கவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை. வேர்த்து வழிய உட்கார்ந்து படித்த பெயர் என்பதால் எனக்கு இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

செந்தூலில் தம்புசாமிப் பிள்ளை தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அங்கே படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். யார் அந்தத் தம்புசாமிப் பிள்ளை? 1850-இல் சிங்கப்பூரில் பிறந்து, ராஃபிள்ஸ் பள்ளியில் படித்து, டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் வேலை பார்த்தவர். டேவிட்சன் சிலாங்கூருக்கு ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆங்கிலேய அரசின் ஆலோசகராக, வந்தபோது இவரும் கூட வந்தார். கருவூலத்தில் வேலை பார்த்தார், அப்புறம் ஈயத்தில் இறங்கினார். ரவாங்கில் லோக் இயூ என்ற சீனச் செல்வந்தரோடு சேர்ந்து நடத்திய சுரங்கத்தில் மின்சாரப் பம்பு வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். மகாமாரியம்மன் கோயிலும் பத்துமலையும் அவர் பெயரோடு சேர்ந்தவை. அது உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது விக்டோரியா இன்ஸ்டிடியூஷனைப் பற்றி. 1887-இல் விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்கு என்று சிலாங்கூர்க்காரர்கள் பணம் திரட்டினார்கள். அதில் செலவாகாமல் கிடந்ததை வைத்து, மேலும் வசூலித்து, 1893-இல் அந்தப் பள்ளியைத் தொடங்கினார்கள். கொடுத்தவர்களில் சுல்தான் இருந்தார், இயாப் குவான் செங், லோக் இயூ, நம் தம்புசாமிப் பிள்ளை எல்லாரும் இருந்தார்கள். வாசலில் ராணியின் பெயர் ஏறியது. கொடுத்த நம்மூர்க்காரர்களின் பெயர்கள் விளையாட்டு இல்லங்களுக்குப் போயின. வருஷா வருஷம் திடலில் நின்று "தம்புசாமி! தம்புசாமி!" என்று தொண்டை கிழியக் கத்திய மாணவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரிந்திருக்கும்?

எனக்கு இதில் கோபம் ஒன்றும் இல்லை. தன் பெயர் வேண்டாம் என்று இன்னொருவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. பின்னாளில் அமைச்சரான துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பள்ளி கட்டப் பணம் கொடுத்தார். அதற்கு மகாத்மா காந்தி கலாசாலை என்றுதான் பெயர்.

அழகப்பச் செட்டியாரைச் சொல்லாமல் எப்படிப் போவது? 1947-இல் சென்னையில் ஒரு விழா. கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் பேசினார். அந்தக் கூட்டத்திலேயே எழுந்து ஒரு லட்சம் தருகிறேன் என்றார் அழகப்பர். காரைக்குடியில் கல்லூரி வந்தது. மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கடைசியில், தான் குடியிருந்த வீட்டையே பெண்கள் படிக்கக் கொடுத்துவிட்டார். 48 வயதுகூட வாழாத மனிதர்.

அவருக்கு மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. காரைக்குடிக் கல்லூரிச் சுவரில் நம்மூர் ரப்பர் பாலும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு போய்ப் பால் எடுக்க மரம் வெட்டிய கைகளின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. என் அம்மாவும் மரம் வெட்டியவர்தான். அதனால் இதைச் சொல்லாமல் எனக்குப் பேச்சு நகராது.

சரி, பெயர்களைப் பற்றிச் சொன்னது போதும். கொடுத்த கட்டடத்தின் கூரையை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு வருகிறேன்.

நான் ஆசிரியராக இருந்த ஒரு பள்ளியில், ஊர்ப் பிரமுகர் ஒருவர் மண்டபம் கட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர், நல்ல மண்டபம். பொன்னெழுத்தில் பெயர், உள்ளே பெரிய படம். ஐந்தாறு வருஷத்தில் பக்கத்து மரத்தின் இலைகள் விழுந்து கூரைத் தண்ணீர் போகும் வழி அடைத்துக்கொண்டது. கோலாலம்பூர் மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டாம். தண்ணீர் உள்பக்கமாக இறங்கிச் சரியாக அந்தப் படத்தின் மேலேயே சொட்டியது. படத்துக்குக் கீழே ஒரு பச்சை வாளி வைத்தோம். கூட்டம் போட்டோம். கொடுத்தவர் குடும்பத்தைக் கேட்கலாம் என்றார் ஒருவர். கட்டியும் கொடுத்து, துடைத்தும் கொடுக்க வேண்டுமா என்றார் இன்னொருவர். அரசாங்கத்துக்கு எழுதலாம் என்றார்கள். எங்களுடையது பகுதி உதவி பெறும் பள்ளி, நிலமும் அரசாங்கத்தினுடையது அல்ல, கடிதங்கள் போயின, வந்தன. இரண்டு வருஷம் வாளி அங்கேயே இருந்தது. ஆள் ஏறி இலையை அள்ளிப் போட்டிருந்தால் சில நூறு வெள்ளியோடு போயிருக்கும். கடைசியில் கூரைப் பலகை முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கும் தெருத் தெருவாக டிக்கெட் விற்றோம். அந்தப் பிரமுகரின் படத்தில் பாதி முகம் பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தது.

நம் முன்னோருக்கு இந்த விஷயத்தில் நம்மைவிடக் கணக்குத் தெரியும். கோயிலுக்கு விளக்குக் கொடுத்தவன் எண்ணெய்க்கு நிலமும் எழுதி வைத்தான். நகரத்தார் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கினார்கள். கொடுக்கிற மனசு வரும்வரை காத்திருக்கவில்லை, கணக்கிலேயே பிடித்துவிட்டார்கள். பினாங்குக்குப் போனால் பாருங்கள், நம் தமிழ் முஸ்லிம்கள் வக்பு எழுதி வைத்த கடைவீடுகளின் வாடகை இன்னும் தர்மத்துக்கு வருகிறது. கொடுத்தவர் போய் நூறு வருஷம் ஆனாலும் மாதம் பிறந்தால் வாடகை வரும்.

1957-இல் இந்த நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்றைக்கு 520-க்குச் சற்று மேல். தோட்டங்கள் போனதோடு பள்ளிகளும் போயின, அது வேறு கதை. மிச்சம் இருக்கிற கட்டடம் ஒவ்வொன்றுக்கும் கூரை இருக்கிறது, ஒவ்வொரு கூரை மேலும் இலை விழுகிறது.

இந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்ட அன்று நானும் கூட இருந்தேன். வகுப்பறை எத்தனை, மாடிப்படி எந்தப் பக்கம், பெயர் எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். பெரியவர் ரொம்ப நேரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏணியை எங்க வைப்பீங்க?"

எங்களில் யாருக்கும் புரியவில்லை. "கூரை மேல ஏறணும்ல? லோரி வாங்குற அன்னைக்கே டயருக்குக் காசு எடுத்து வெச்சவன் நான்" என்றார். நாற்பது வருஷம் லோரி ஓட்டி, ஓட்டவைத்துச் சம்பாதித்தவர். பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், அவருக்கு ஒரு கடைவீடு இருக்கிறது. அதன் வாடகை இனி மாதாமாதம் பள்ளிக் கணக்குக்கு வரும், பராமரிப்பைத் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விருந்துக்குத் தொடக்கூடாது என்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார். வாரியத்தில் சிலருக்கு முகம் சுருங்கியது, பரவாயில்லை.

ஏணி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருக்கிறோம். இன்று காலை பெரியவர் வந்ததும் பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லை, நேராகப் போய் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

மேகம் கறுத்துவிட்டது, நான் முடிக்கிறேன். ரிப்பன் வெட்டியதும் சாப்பாடு. மழைக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள் ஐயா, நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். இல்லை, மழை வரட்டும், தண்ணி எப்படிப் போகுதுன்னு பாத்துட்டே போறேன் என்கிறார்.