நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கைதட்டல்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிற ஊர் லாரன்ஸ். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் பல்கலைக்கழக ஊர் அது. 1891-இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1898-இல் இங்கே வேலைக்கு வந்தார். கான்சாஸ் அணியின் முதல் பயிற்சியாளர் அவர்தான். அவரை அடக்கம் செய்ததும் இந்த ஊரில்தான்.

அவருடைய மாணவர் ஃபாக் ஆலன் பெயரில் 1955-இல் திறந்த அரங்கம் இன்றும் நிரம்பி வழிகிறது. நல்ல இடம் பிடிக்க மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து நாள்கணக்கில் முறைவைத்துக் காத்திருப்பார்கள். பட்டியல் வாசிக்கும்போது குழுவில் ஒருவராவது குரல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். எதிரணி வீரர்களை அறிமுகப்படுத்தும்போது செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். தங்கள் அணி வந்ததும் அதே தாளைக் கிழித்து வாரி இறைப்பார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய சில நிமிடங்கள். பக்கத்தில் நிற்பவர் யாரென்றே தெரியாவிட்டாலும் தோளில் கைபோட்டு, அசைந்தபடி கல்லூரி கீதத்தைப் பாடுவார்கள். முடிந்ததும் 'ராக் சாக், ஜேஹாக், கே.யூ.' என்ற முழக்கம். ஜேஹாக் என்பது கான்சாஸ் அணியின் செல்லப்பெயர், கே.யூ. என்பது பல்கலைக்கழகப் பெயரின் சுருக்கம். முதலில் இழுத்து இழுத்து, மந்திரம் ஓதுகிற மாதிரி. பிறகு சடசடவென்று வேகமாக. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வேதியியல் பேராசிரியர் தொடங்கி வைத்தது. அந்த ஊர்க் குன்றின் சுண்ணாம்புப் பாறைதான் அதில் வருகிற 'ராக் சாக்'.

சரி, நான் சொல்ல வந்தது வில்ட் சேம்பர்லின் பற்றி. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 1955-இல் வந்த ஏழடி உயர இளைஞர். கல்லூரியின் முதன்மை அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே 52 புள்ளிகள் எடுத்தார். ஊரே அவரைக் கொண்டாடியது. அதே வட்டாரத்தில் கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு பரிமாறாத கடைகளும் அப்போது இருந்தன. அதையும் பார்த்துக்கொண்டுதான் அவர் ஆடினார்.

1957 மார்ச்சில் தேசிய இறுதி ஆட்டம். எதிரே ஒரு தோல்வியும் காணாத வட கரோலினா. வில்ட் பந்தைத் தொடவிடாமல் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். மூன்று கூடுதல் நேரம் போனது. கடைசியில் 54-53. ஒரே ஒரு புள்ளி. தோற்ற அணியில் இருந்தும் தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. ஆனால் அவர் மனசில் நின்றது அந்த ஒரு புள்ளிதான். அடுத்த ஆண்டே கல்லூரியை விட்டுப் போனவர், ஊரை ஏமாற்றிவிட்டோம் என்ற எண்ணத்தைப் பல ஆண்டுகள் சுமந்தார், லாரன்ஸிலிருந்து விலகியே இருந்தார்.

1998 ஜனவரியில், அவருடைய 13-ஆம் எண் சட்டையை அரங்கில் தொங்கவிட்டுக் கௌரவிக்க அழைத்தார்கள். வந்தார். வயது 61. கல்லூரி நாளில் வாங்கிய விளையாட்டு வீரருக்கான பழைய மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு இடைவேளையில் ஆடுகளத்தின் நடுவே வந்து நின்றார். அரங்கம் மொத்தமும் எழுந்து கைதட்டியது. 1957-இல் பிறந்தே இராத பிள்ளைகளும் தட்டினார்கள். ஒலிவாங்கியைப் பிடித்து அந்தத் தோல்வியைப் பற்றியே பேசினார். குரல் தழுதழுத்தது. கடைசியில் அந்த முழக்கத்தைத் தானே சொன்னார்.

ஆட்டம் முடிந்த பிறகும் அவர் கிளம்பவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கு நெடுநேரம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் வில்ட் காலமானார். அதற்குள் அந்த ஒரு நாள் அவருக்குக் கிடைத்துவிட்டதே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். வணக்கம்.